ஆள்காட்டி

மட்டக்களப்புப் பக்கத்து வயல்வெளிகளில் இருட்டிய பிறகு நடந்தவர்களுக்கு ஆள்காட்டிக் குருவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரப்பில் கால் வைத்த மாத்திரத்தில் எங்கிருந்தோ கிளம்பி, தலைக்கு மேலே வட்டமடித்து, ஊரையே எழுப்புவது போலக் கத்தும். தரையில் முட்டையிடும் பறவை அது. குரல்தான் அதற்குக் காவல். வேட்டைக்குப் போகிறவர்கள் அதைச் சபிப்பார்கள். அதன் சத்தம் கேட்டதும் சுற்றியுள்ள பிராணிகளெல்லாம் உஷாராகிவிடும்.

அதே சொல்லை மனிதர் மேல் வைத்தால் வசையாகிவிடுகிறது. ஆள்காட்டி, காட்டிக்கொடுப்பவன், ஒற்றன் என்று தகவல் சொல்பவரைக் குறிக்க நம்மிடம் புழங்கும் சொற்களில் கறை படியாத ஒன்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலம் இன்னொரு சொல்லையும் சேர்த்தது: தலையாட்டி. சுற்றிவளைப்பு நாளில் ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச்சொல்லி வரிசையில் நிறுத்துவார்கள். எதிரே ஜீப்பில் ஒருவர் இருப்பார். தலையில் சாக்கு, கண்களுக்கு இரண்டு துளை. ஒவ்வொருவராக அவர் முன்னால் நடந்துபோக வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்துவிட்டால் போகிற இடம் வேறு. ஏன் அசைந்தது என்று யாரும் கேட்க முடியாது. சாக்குக்குள் இருந்தவரும் முந்தைய சுற்றிவளைப்பில் பிடிபட்டு அடி வாங்கியவராக இருக்கலாம். எதையாவது கண்டு தலையாட்டினாரா, பயத்தில் ஆட்டினாரா என்பதை அவரே அறிந்திருப்பாரா தெரியாது.

இப்படியொரு நினைவைச் சுமக்கும் மக்களிடம், சந்தேகத்துக்கிடமான எதைக் கண்டாலும் 119க்கு அறிவியுங்கள் என்று கேட்பது சின்ன விஷயமல்ல. குற்றத் தடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மக்களின் அலட்சியத்திலிருந்தே தொடங்குவார்கள். 1964இல் நியூயோர்க்கில் ஓர் இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்ற செய்தி உலகெங்கும் பாடப்புத்தகங்களில் ஏறியது. அதன் தூண்டுதலில் ஜோன் டார்லி, பிப் லத்தானே என்ற உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணமே ஒருவர் உதவ முன்வரும் வேகத்தைக் குறைப்பதைக் காட்டியது. ஆய்வு நிலைத்தது. 38 பேர் என்ற கதை நிலைக்கவில்லை. அந்த எண்ணிக்கை ஊதிப்பெருக்கப்பட்டது என்பதையும், அயலவர் ஒருவர் கத்தியே கொலையாளியை முதலில் விரட்டினார் என்பதையும் பின்னால் வந்தவர்கள் தேடி எடுத்தார்கள். செய்தியை வெளியிட்ட நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையே 2016இல் அது பிழையான செய்தி என ஒப்புக்கொண்டது. மக்கள் வாய் மூடி இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டை அதன்பின் நான் எளிதில் நம்புவதில்லை. 2019 ஏப்ரல் 21க்கு முன் இலங்கையில் நடந்தவற்றைப் படித்தபின் அறவே நம்புவதில்லை.

அன்று உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிம். பின்னணியில் அரசியல் சதி இருந்ததா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை; அதற்குள் நான் போகவில்லை. குறைவாகப் பேசப்படும் முன்கதைதான் எனக்கு வேண்டியது. யார் எப்போது சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது?

காத்தான்குடி, சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் ஊர். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவுத் தொழுகையில் இருந்த 100க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்ற பள்ளிவாசல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆயுதமும் வெறியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சஹ்ரானை முதலில் இனங்கண்டதும் அந்த ஊரேதான். அவன் படித்த அரபுக் கல்லூரி அவனை வெளியேற்றியது. பிறகு சேர்ந்த பள்ளிவாசலிலும் அவன் நிலைக்கவில்லை. சூபி வழி நடப்பவர்களைக் குறிவைத்து அவன் செய்த பிரசங்கங்கள் 2017 மார்ச் 10ஆம் தேதி அலியார் சந்தியில் வாள்வெட்டாக முடிந்தன. அன்றைக்குத் தலைமறைவானவன், அடுத்த இரண்டு ஆண்டுகளும் அகப்படவில்லை.

ஊர் பேசாமல் இருக்கவில்லை. முறைப்பாடு கொடுத்தார்கள், மனு எழுதினார்கள், அவனைக் கைது செய்யச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். பிடியாணையும் பிறந்தது. இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர், தாக்குதலுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கூட்டத்தைப் பற்றி ராணுவப் புலனாய்வு அதிகாரிகளிடம் நேரில் எச்சரித்ததாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சஹ்ரானைத் தேடிக்கொண்டிருந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவர் 2018இல் முற்றிலும் வேறொரு விவகாரத்தில் இடைநிறுத்தப்பட்டுக் கைதானார். தேடல் அங்கேயே தேங்கியது.

அந்த ஆண்டு டிசம்பர் 26இல் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்களில் ஒருவனைத் துரத்திப் பிடித்தவர்கள் ஊர் மக்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன குற்றப் புலனாய்வுத் திணைக்களம் 2019 ஜனவரி 16இல் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருளைத் தோண்டி எடுத்தது. ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்குத் தகவல் வந்தது. தேவாலயங்கள், தற்கொலைத் தாக்குதல், சஹ்ரானின் பெயர் என எல்லாம் அதில் இருந்தன. 9ஆம் தேதி அது கடிதமாகப் பொலிஸ் மா அதிபரின் மேசைக்குப் போனது. 16ஆம் தேதி காத்தான்குடிக்குப் பக்கத்தில் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது ஒத்திகை. அதையும் ஊர் பார்த்தது. பொலிஸும் பார்த்தது.

இந்த வரிசையில் மக்களின் மௌனம் எங்கே இருக்கிறது? நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சீயோன் தேவாலயத்தில் அன்று காலை நடந்ததை உயிர் தப்பியவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஆராதனைக்குச் சனம் நிறைகிறது. பண்டிகை நாள் என்பதால் புதுமுகம் வருவது அதிசயமல்ல. முதுகுப் பையோடு வந்த ஓர் இளைஞனிடம் சிலர் முகம் மலர்ந்து பேசவும் செய்தார்கள். ஆராதனை எத்தனை மணிக்கு என்று அவன் விசாரித்தான். சபை அங்கத்தவர் ஒருவருக்கு அந்தப் பை சரியாகப் படவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டார். வீடியோ கமெரா, ஆராதனையைப் படம் எடுக்கப் போகிறேன் என்று பதில். படம் எடுப்பதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும், உள்ளே போக முடியாது என்று சொல்லி அவனை வெளிப்பக்கமாகத் திருப்பினார். குண்டு முற்றத்தில் வெடித்தது. பிள்ளைகள் உட்பட சுமார் 30 பேர் இறந்தார்கள். தடுத்தவரும் அவர்களில் ஒருவர். நூற்றுக்கணக்கானோர் நிறைந்திருந்த மண்டபத்துக்குள் அது வெடித்திருந்தால் என்ற கணக்கை மட்டக்களப்பில் யாரும் முழுதாகப் போட்டுப் பார்க்க விரும்புவதில்லை.

அவர் செய்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வந்தவன் என்ன சாதி, என்ன மதம் என்று அவர் கேட்கவில்லை. பை அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. கேட்டதற்கு வந்த பதிலும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. தங்கள் சபையில் யார் படம் எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள் என்பது அங்கத்தவருக்குத் தெரியும். அந்த இடத்தின் வழக்கம் அவர் கையில் இருந்தது. அதை அளவுகோலாக வைத்துத்தான் அளந்தார்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் தேதி, அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதில் வொலிவேரியன் கிராமம் என்ற குடியிருப்பிலும் இதுதான் நடந்தது. ஒரு வாடகை வீட்டுக்குப் புதுக் குடும்பங்கள் வந்திருந்தன. அயலவர்களுக்கு அவர்களின் நடமாட்டம் ஒத்து வரவில்லை. ஊரவர்கள் போய் விசாரித்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதும் தகவல் பொலிஸுக்குப் பறந்தது. அன்றிரவே படையினர் வீட்டைச் சுற்றிவளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள்; பெண்கள், ஆறு பிள்ளைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தார்கள். சஹ்ரானின் தகப்பனும் இரண்டு சகோதரர்களும் அங்கே இருந்தார்கள். அடுத்த தாக்குதலுக்கான ஏற்பாடுகள் அந்த வீட்டில் இருந்தன. தகவல் கொடுத்தவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள், ஒளிந்திருந்தவர்களும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். மதத்தையும் மொழியையும் வைத்துச் சந்தேகப்படுகிற எந்த முறையாலும் அந்த வீட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து பிரித்தறிந்திருக்க முடியாது.

இங்கே 2017இல் காத்தான்குடி கொடுத்த முறைப்பாட்டையும் 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருது கொடுத்த தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சொன்ன மக்கள் ஒரே மாதிரியானவர்கள். சொன்ன விஷயமும் ஒரே கூட்டத்தைப் பற்றியது. இரண்டாவது தடவை போய்ப் பார்க்க ஆள் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு 260க்கும் மேற்பட்ட உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது.

கிட்ட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்பது இலங்கைக்கு மட்டும் பொருந்துவதல்ல. அமெரிக்க இரகசிய சேவையும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 2000 வரை பள்ளிக்கூடங்களில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 சதவீதத்தில், தாக்கியவனின் எண்ணமோ திட்டமோ குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர் அநேகமாக நண்பன், சக மாணவன், சகோதரன். தாக்கியவர்களில் 93 சதவீதத்தினர் அதற்கு முன் மற்றவர்களைக் கவலைப்பட வைக்கும்படி எதையாவது செய்திருந்தார்கள். தாக்குபவனுக்கென்று ஒரு முகச்சாயலோ குடும்பப் பின்னணியோ இருக்கிறதா என்றும் அந்த ஆய்வு தேடியது. அப்படியொரு பொது அச்சு கிடையாது என்ற முடிவுக்கே வந்தது.

இலங்கையில் தாக்குதலுக்குப் பிந்திய மாதங்களில் நாடு தேடியது முகச்சாயலைத்தான். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் போட்டிருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பார்த்தவர்களுக்கு அது பௌத்தர்களின் தர்மசக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் அந்தப் பெண் சிறையில் இருந்தார். அதே மாதம் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் கைதானார். விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் நிலுவைச் சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் ஒருவர் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள். பிணை கிடைக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலானது, விடுதலையாக 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றிலும் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டார், யாரோ ஒருவர் அறிவித்தார், பொலிஸ் உடனே வந்தது. காத்தான்குடிக்கு இரண்டு ஆண்டு வராத வேகம் ஹசலகவுக்கு ஒரே நாளில் வந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அருகில் இருந்து செயலைக் கண்டவர்களின் சொல் கோப்புக்குள் கிடந்தது. தூரத்தில் நின்று துணியையும் பெயரையும் கண்டவர்களின் சொல் கைவிலங்காக மாறியது. இப்படி வருகிற ஒவ்வொரு பொய்த் தகவலும் அடுத்த உண்மைத் தகவலின் குரல்வளையை நெரிக்கிறது. தன் இனத்தையே குறிவைக்கும் நிலையத்துக்கு எந்தத் தாய் தன் மகனின் போக்கைப் பற்றிப் பேசப் போவாள்?

ஒரு சின்னச் சம்பவம். பல வருடங்களுக்கு முன், எங்கள் ஒழுங்கையில் இரண்டு இரவு தொடர்ந்து ஒரு வான் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, கணவரைப் போரில் இழந்தவர், யன்னல் இடுக்கால் பார்த்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். வாகன இலக்கம். முதல் இரவு 11.20 தொடக்கம் 12.05 வரை. இரண்டாம் இரவு 11.40. முன்னால் இரண்டு பேர். விளக்கு அணைத்திருந்தது. எஞ்சின் நிறுத்தவில்லை. கடைசி வீட்டு மதிலை ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். இவ்வளவும் பென்சிலால், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில். யார் என்று நினைக்கிறார், எதற்காக வந்தார்கள் என்று ஒரு சொல் கூட இல்லை. கண்ட இடம், நேரம், செயல் மட்டும். எத்தனையோ பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த அக்கா ஒரு தாளில் செய்திருந்தார்.

துணைக்கு வா தம்பி என்றதால் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாங்கில் ஒன்றரை மணி நேரம். பிறகு வந்த உத்தியோகத்தர் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் அடையாள அட்டையைக் கேட்டார். கணவர் எங்கே, எப்படி இறந்தார், எந்த ஆண்டு, மகன் இப்போது எங்கே இருக்கிறான், நடுராத்திரியில் ஏன் முழித்திருந்தாய் என்று கேள்விகள் வந்தன. பதில்களைச் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கும் பாதிதான். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டார். நாட்காட்டித் தாளை யாரும் திருப்பித் தரவில்லை. முறைப்பாட்டு இலக்கமும் தரவில்லை. திரும்பி வரும் வழியில் அக்கா ஒரே ஒரு வசனம்தான் பேசினார்: "நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம், தம்பி."

அந்த வானில் வந்தவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெட்டவர்களாக இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நிலையம் அன்றைக்கு ஒரு கண்ணை இழந்தது. இனி அந்த ஒழுங்கையில் எது நடந்தாலும் அந்த யன்னல் திறக்காது.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மொழி உரிமைக் கோரிக்கையாகவே இதைப் பலரும் வாசித்தார்கள். எனக்கு இது பாதுகாப்புக் கோரிக்கையாகவும் படுகிறது. சந்தேகம் எப்போதும் நுணுக்கத்தில் இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதில் இருக்கும். அரைகுறைச் சிங்களத்தில் அந்த நுணுக்கம்தான் முதலில் உதிர்ந்துபோகிறது.

சட்டத்தைப் பார்த்தால் சுமை முழுவதும் குடிமகனின் தலையில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், குறிப்பிட்ட சில குற்றங்களைப் பற்றி அறிந்தவர் பொலிஸுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவோ, தெரிந்தும் சொல்லாதவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. சொன்னதைக் கேட்டுவிட்டு அசையாதிருந்தவர்களுக்கு? 2023 ஜனவரி 12ஆம் தேதி வரை அதற்குப் பதில் இல்லை. அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள், முன்கூட்டிய தகவல் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, தேசிய புலனாய்வின் முன்னாள் தலைவர் 1 கோடி, தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவானது. தகவலைப் பெற்றுக்கொள்வதும் ஒரு கடமை, அதைத் தவறவிட்டால் விலை உண்டு என்று இந்த நாட்டில் ஒரு நீதிமன்றம் இத்தனை உரக்கச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. இறந்தவர்களின் வீடுகளில் அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

சொன்னவரைக் காப்பதற்கும் சட்டம் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 4ஆம் இலக்கச் சட்டம் 2015இலேயே நிறைவேறிவிட்டது. மாவனெல்லைச் சிலை உடைப்பு விசாரணையில் பொலிஸுக்குத் துணை நின்றவர்களில் அந்தப் பகுதி முஸ்லிம் ஒருவரும் இருந்தார். வனாத்தவில்லுத் தோட்டம் வரை புலனாய்வாளர்கள் போய்ச் சேர்ந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 100 கிலோ வெடிபொருள் மண்ணுக்கடியிலிருந்து வெளியே வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2019 மார்ச் 9ஆம் தேதி விடியும் முன், வீட்டில் மனைவி பிள்ளையோடு உறங்கிக்கொண்டிருந்த அவரின் தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. சுட்டது சஹ்ரானின் ஆட்கள்தான் என்பது, ஏப்ரல் 21 கடந்த பிறகே வெளியே வந்தது.